உப்புக் காற்றில் ஒரு நாஸ்: மண்டபம் ஸ்டூடியோவுக்குக் குறைந்த செலவில் என்ன போடலாம்?

மண்டபம்_ஒளி

வணக்கம். மண்டபத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று தங்கச்சிமடத்திலிருந்து கீழக்கரை, தேவிபட்டினம் வரை போவோம். எடிட்டிங்குக்கு இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப். எடுத்ததெல்லாம் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கிறது. எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் என்று ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நோட்டு நன்றாக இருக்கிறது, டிஸ்க்குகள்தான் மக்கர் செய்கின்றன. பீரோவில் வைத்ததை ஆறு மாதம் கழித்து எடுத்தால் யூஎஸ்பி வாயில் களிம்பு.

இரண்டு கேமரா, 4கே வீடியோ, ரா படங்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி சாதாரணமாக வருகிறது. இரண்டு எடிட்டர்களும் ஒரே இடத்திலிருந்து எடுத்து வேலை செய்ய வேண்டும். பழைய கல்யாணங்களும் பத்திரமாக இருக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு வந்து "அண்ணே, அந்த ஆல்பம் இன்னொரு காப்பி" என்று கேட்பவர்கள் உண்டு.

கையில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். பட்ஜெட் 30,000 ரூபாய். ரெடிமேட் நாஸ் பெட்டி (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) விசாரித்தேன், டிஸ்க் போடாமலே பாதிப் பணத்தைக் கேட்கிறது. ஓப்பன் சோர்ஸில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் என்று இரண்டு பெயர் அடிபடுகிறது. எதைப் போடலாம்? லினக்ஸ் தெரியாது. சொல்லிக்கொடுத்தால் செய்வேன்.

டெபியன்தாசன்

இந்தப் பெட்டிக்கு ஓப்பன்மீடியாவால்ட்தான். ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும். ஓப்பன்மீடியாவால்ட் 1 ஜிபி-யிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும், உங்களிடம் இருக்கும் 4 ஜிபி அதற்குத் தாராளம்.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று. 2005-இல் ஃப்ரீநாஸ் என்று ஆரம்பித்தது, ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடியது. அதில் வேலை செய்துகொண்டிருந்த வோல்கர் தைலே என்பவர் டெபியன் லினக்ஸ் மேல் புதிதாக எழுதியது ஓப்பன்மீடியாவால்ட், 2011-இல் வந்தது. ஃப்ரீநாஸை ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டு 2020-இல் ட்ரூநாஸ் என்று பெயர் மாற்றியது. அப்புறம் அவர்களும் 2022-இல் டெபியனுக்கே வந்துவிட்டார்கள். சுற்றி வளைத்து எல்லாரும் நம் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். என் பெயரைப் பார்த்துவிட்டு இவன் அப்படித்தான் சொல்வான் என்று நினைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. சிஸ்டத்துக்கு 120 ஜிபி சின்ன எஸ்எஸ்டி ஒன்று தனியாக வாங்குங்கள். ஓப்பன்மீடியாவால்ட் தான் உட்காரும் டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதில் படங்களை வைக்க விடாது. ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து நிறுவுங்கள். நிறுவும்போது டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் எந்த டிஸ்க்கில் எழுதுகிறோம் என்ற குழப்பமே வராது. முடிந்ததும் மானிட்டர், கீபோர்டு எல்லாம் கழற்றிவிடலாம். அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பிரவுசரில் அதன் ஐபி முகவரியை அடித்தால் போதும், மற்ற வேலை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே முடியும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வரும்போது எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்தான் வரும். ரூட்டரில் அந்த ஐபி மாறாமல் கட்டிவிடுங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குப் படங்களைப் பகிர்ந்து கொடுப்பது சம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆரம்பித்தது. பேக்கப்புக்குப் பயன்படும் ஆர்சிங்க்கும் அவர் 1996-இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியதுதான். உங்கள் ஸ்டூடியோவின் பாதி வேலையை அந்த ஒரு மனிதரே செய்து கொடுத்திருக்கிறார்.

கீழைவாசி

தம்பி சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. துபாயில் பல வருடம் இதே வேலைதான் பார்த்தேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ரேம் போதாது என்பதற்காக ட்ரூநாஸை விடுவதா? பழைய டிடிஆர்3 ரேம் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். 8 ஜிபி ஆக்கிவிட்டு ட்ரூநாஸ் போடுங்கள், 4 டிபி டிஸ்க் இரண்டை மிரர் செய்யுங்கள், ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே இருக்கும்.

காரணம் ஒன்றுதான்: அதில் இருக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை எழுதி வைக்கும் முறை. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைக்கும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட்டினால் டிஸ்க் முழுக்கப் படித்துப் பார்த்து, எங்காவது கெட்டிருந்தால் இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரி செய்யும். லினக்ஸின் சாதாரண ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-இல் ஒரு படம் உள்ளுக்குள் கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. அதைப் பேக்கப் எடுப்பீர்கள், கெட்ட படமே பேக்கப்பிலும் போய் உட்காரும். கரண்ட் பட்டென்று போனாலும் இசட்எஃப்எஸ் பாதி எழுதிய நிலையில் நிற்காது; பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதி முடித்த பிறகே கைமாற்றும்.

எதைப் போட்டாலும் டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேட்டு, சிஎம்ஆரையே வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்து எழுத வேண்டும். 300 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டும்போது கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். மிரரில் ஒன்று செத்து, புதியது போட்டு நிரப்பும் நேரத்தில் எஸ்எம்ஆர் டிஸ்க் உங்களை அழ வைக்கும். கடைக்காரருக்குத் தெரியாது. மாடல் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரின் தகவல் தாளில் பாருங்கள்.

எதிர்க்காத்து

ராஸ்பெரி பை 4 போதுமே! கரண்டும் மிச்சம். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் மாட்டினால் வேலை முடிந்தது.

கீழைவாசி

வீட்டில் பாட்டு கேட்கப் போதும், தம்பி. ஸ்டூடியோவுக்கு வேண்டாம். யூஎஸ்பி கேபிள் கொஞ்சம் ஆடினால் டிஸ்க் காணாமல் போகும். பை 4-இல் என்க்ரிப்ஷனுக்கான வன்பொருள் வசதி இல்லை, டிஸ்க்கைப் பூட்டி வைத்தால் வேகம் விழும். அந்தப் பழைய ஐ3-இல் அந்த வசதி இருக்கிறது.

கரண்ட் கணக்கு நியாயமான கேள்வி. பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 30 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், இரண்டு மாத பில்லில் 43 யூனிட் ஏறும். பை அதில் ஒரு பங்குதான். ஆனால் பை, அடாப்டர், டிஸ்க்குக்குத் தனி பவர் என்று வாங்கும் காசைப் பாருங்கள்; இவரிடம் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது.

வடகடல்

நான் பாம்பன். இன்வெர்ட்டர், கேமரா சர்வீஸ் பார்க்கிறேன். நீங்கள் எல்லாரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். இந்தக் கரையில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் மென்பொருளால் செத்தது எதுவும் நினைவில்லை. உப்பும் கரண்டும்தான்.

காய்ந்த உப்பு வெறும் தூசி, அதனால் ஒன்றும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கசியும். அந்த நிமிடத்திலிருந்து அது கரண்ட் கடத்தும் உப்புத்தண்ணீர். நம் பக்கம் ராத்திரியில் அந்த அளவைத் தாண்டாத நாள் எத்தனை? போர்டில் இரண்டு கால்களுக்கு நடுவில் அது படர்ந்தால் செம்பு பச்சையாகும், அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ஓடிய காலமெல்லாம் அதற்கு பெயின்ட் அடிக்கும் வேலை ஓயவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி, வெல்டிங் இணைப்பு, தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நாம் கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம் வைத்து, பக்கத்து மூடியையும் கழற்றிப் போட்டுவிடுகிறோம், காற்று வரட்டும் என்று.

ஸ்டூடியோ அண்ணனுக்கு முதல் வேலை இடம் பார்ப்பது. மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலிலிருந்து வரும், வாடையில் வடகடலிலிருந்து வரும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் சாத்தினால் போதாது. வெளிச்சுவர் இல்லாத உள்ளறை, தரையிலிருந்து ஓரடி உயரம். ஏசி அறை நல்லதுதான், ஆனால் ராத்திரி ஏசியை அணைத்துக் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று குளிர்ந்த தகரத்தில் வியர்க்கும். ஏசி காற்று நேராகப் பெட்டி மேல் அடிக்கும்படி வைக்காதீர்கள்.

இரண்டாவது, பெட்டியை அணைக்கவே வேண்டாம். 24 மணி நேரமும் ஓடினால் உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும், ஈரம் தங்காது. நீங்களே சொல்லிவிட்டீர்கள், பீரோவில் ஆறு மாதம் சும்மா கிடந்த டிஸ்க்தான் களிம்பு பிடித்தது. கீழைவாசி காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கணக்குப் போட்ட 43 யூனிட் இதற்குக் கொடுக்கும் வாடகை.

ஃபேன் அதிகம் வேண்டாம். ஒரு பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றி, முன்பக்கம் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வழியாக இழுத்தால் போதும். கழுவிக் காயவைத்துப் போடலாம். வருடத்துக்கு ஒருமுறை, வாடை ஆரம்பிக்கும் முன், ரேமையும் சாட்டா கேபிளையும் கழற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மாட்டுங்கள். பென்சில் ரப்பரை வைத்து ரேம் காலைத் தேய்ப்பார்கள், அதில் தங்க முலாம் தேய்ந்துபோகும். முலாம் போன இடத்தில்தான் உப்பு சீக்கிரம் பிடிக்கும்.

நெட்வொர்க் கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசிய கேபிள் மலிவாக வரும். கடல் இல்லாத ஊரில் ஓடும், இங்கே கிரிம்ப் செய்த (ஒயரைப் பிளக்கில் அழுத்திப் பொருத்திய) இடத்திலேயே பொடியாகிவிடும்.

எதிர்க்காத்து

அண்ணே, டிஸ்க்கையே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டால்? அல்லது போர்டுக்கு வார்னிஷ்?

வடகடல்

கவரில் போட்டால் சூட்டில் வேகும். ஹார்ட் டிஸ்க் மேல் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், பக்கத்திலேயே மூடாதே என்று எழுதியும் இருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக அது வேண்டும். வார்னிஷ் அடிக்கப் போய் அதை அடைத்துவிடாதீர்கள். பெரிய கொள்ளளவில் ஹீலியம் அடைத்து முழுக்கச் சீல் வைத்த டிஸ்க்குகள் வருகின்றன, அவற்றில் இந்த ஓட்டை இல்லை. ஆனால் விலை இந்தப் பட்ஜெட்டில் வராது.

வைகைக்கரை

பரமக்குடியிலிருந்து எழுதுகிறேன், ஒரு கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். கீழைவாசி அண்ணன் மிரர் என்றார். மிரர் செய்த இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே பவர் சப்ளையில், ஒரே உப்பில் இருக்கின்றன. பவர் சப்ளை ஒழுங்காகச் சாகாமல் எகிறிச் செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். எடிட்டர் தம்பி தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். மிரர் என்பது வேலை நிற்காமல் இருக்க, படம் போகாமல் இருக்க அல்ல.

கையில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் காசு என்றால் என் தீர்ப்பு: ஒன்று பெட்டிக்குள், இன்னொன்று கடற்கரையை விட்டு உள்ளே. ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ சொந்தக்காரர் வீடு இருக்காதா? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு என்ன ஆயிற்று என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிதாக எதுவும் வேண்டாம், 2018-இல் கஜா வந்த மாதிரி ஒன்று வந்து கடைக் கூரை போனாலே போதும்.

இணையம் வழியாக அனுப்பலாம், ஆனால் கணக்குப் பாருங்கள். அப்லோடு நிஜமாக 40 எம்பிபிஎஸ் கிடைத்தால் 300 ஜிபி போக 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு மூன்று கல்யாணம் எடுத்தால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் லைன் இதற்கே சரி. 2 டிபி டிஸ்க்கைப் பையில் வைத்து மண்டபத்தில் பஸ் ஏறி இரண்டு மணி நேரத்தில் பரமக்குடியில் இறங்கினால் அது 2 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு மேல். அந்த பிளான் எந்த பிராட்பேண்டு கம்பெனியும் இந்த விலைக்குத் தராது.

வெளியே போகும் டிஸ்க்கை லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) போட்டுப் பூட்டுங்கள். அதில் இருப்பது அடுத்தவர் வீட்டுப் பெண்களின் படம். பஸ்ஸில் தொலைந்தால் டிஸ்க் போன நஷ்டத்தோடு நிற்க வேண்டும். கடவுச்சொல்லை அந்த டிஸ்க் இருக்கும் வீட்டில் எழுதி வைக்காதீர்கள்.

சும்மா இருக்கும் அந்த டிஸ்க்குக்கு வடகடல் அண்ணன் சொன்ன ஈரம் ஆகாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள், நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டாம். நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

கீழைவாசி

அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் முகூர்த்த நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் ஒரே டிஸ்க் செத்தால்? பரமக்குடி போய் எடுத்து வந்து 3 டிபி-யைத் திருப்பி ஊற்ற ஒரு நாள் போகும். கஸ்டமர் கழுத்தைப் பிடிப்பார். கடைசி வாரத்தில் எடுத்தது அந்தப் பிரதியில் இருக்கவும் இருக்காது.

வைகைக்கரை

ஒரு நாள் கழுத்தைப் பிடிப்பதைத் தாங்கலாம். தாலி கட்டும் படம் போனால் திரும்ப எடுக்க முடியுமா? கடைசி வாரத்துக்கு வழி இருக்கிறது. எடுத்த மெமரி கார்டை, பிரதி வெளியே போகும் வரை ஃபார்மட் செய்யக் கூடாது. இரண்டு கார்டு அதிகம் வாங்குவது டிஸ்க்கை விட மலிவு.

மிரர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன். முதல் காசு வெளியூர்ப் பிரதிக்கு, இரண்டாவது காசு யூபிஎஸ்ஸுக்கு, மிச்சம் இருந்தால் மிரர்.

மண்டபம்_ஒளி

எல்லாருக்கும் நன்றி. அக்கா வரிசைப்படியே போகிறேன். தங்கை ராமநாதபுரத்தில் இருக்கிறாள், அங்கே ஒரு டிஸ்க். காக்கா சொன்ன இசட்எஃப்எஸ் ஆசை இருக்கிறது, ஆனால் ஒற்றை டிஸ்க் என்றால் எதைப் போடுவது?

பீரோவில் இருக்கும் பழைய டிஸ்க்குகளையும் வீசாமல் பயன்படுத்த முடியுமா?

டெபியன்தாசன்

ஒற்றை டிஸ்க் என்றால் ஓப்பன்மீடியாவால்டிலேயே பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போடுங்கள். சரிபார்ப்பு எண் அதிலும் உண்டு. ஒரே டிஸ்க்கில் இருக்கும்போது கெட்டதைத் திருத்தாது, எந்தக் கோப்பு கெட்டது என்று காட்டும். அந்தக் கோப்பை மட்டும் தங்கை வீட்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டால் சரி. ஸ்னாப்ஷாட்டும், அதாவது அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவும், கிடைக்கும். தினமும் ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டால், எடிட்டர் அழித்த ஃபோல்டரை நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்துவிடலாம். எடிட்டர் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்து பகிர்ந்த ஃபோல்டரைக் கடித்தாலும் ஸ்னாப்ஷாட்டை அங்கிருந்து தொட முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது பழைய விண்டோஸ் ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். ரூட்டரில் இந்தப் பெட்டிக்கு எந்த போர்ட்டையும் வெளியே திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வயர்கார்டு விபிஎன்.

பழைய டிஸ்க்குகளுக்கு முதலில் ஸ்மார்ட் சோதனை, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும். ஓப்பன்மீடியாவால்டிலேயே பார்க்கலாம். இரண்டு எண்களைப் பாருங்கள்: இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். பூஜ்யமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். காத்திருப்பது ஏறிக்கொண்டே போனால் இன்றே காப்பி எடுத்துவிட்டு ஒதுக்குங்கள்.

நல்லவை மூன்று நான்கு தேறினால், மாறாத பழைய கல்யாணங்களுக்கு மெர்ஜர்எஃப்எஸ்ஸும் ஸ்னாப்ரெய்டும் பொருத்தம். முதலாவது வேறு வேறு அளவு டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும், இரண்டாவது ஒரு டிஸ்க் செத்தால் பாரிட்டி டிஸ்க்கை (மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்ட மீட்புத் தகவல் இருக்கும் டிஸ்க்) வைத்து மீட்கும். பாரிட்டிக்கு இருப்பதில் பெரிய டிஸ்க்கைக் கொடுக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகக் கழற்றி வேறு லினக்ஸில் மாட்டினாலும் அதில் இருப்பது அப்படியே படிக்கும். ஆனால் சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி வாய் போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், சாட்டா இருக்காது. உங்களுடையதில் அந்த வாயிலேயே களிம்பு என்பதால் அந்த வகை டிஸ்க்கை இதில் சேர்க்காதீர்கள்.

வடகடல்

கரண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவில் இன்வெர்ட்டர் இருக்கும். அதில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் மாறுகிற நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அணைந்து எழும். நல்ல பவர் சப்ளை சுமார் 16 மில்லிசெகண்ட் மூச்சைப் பிடிக்கும், அதற்கு மேல் பிடிக்காது. பழைய பெட்டியில் கெப்பாசிட்டர் வயதாகியிருந்தால் அதுவும் இல்லை. சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக அணைய வேண்டும். யூஎஸ்பி வாய் உள்ள யூபிஎஸ் என்றால் ஓப்பன்மீடியாவால்டில் நட் என்ற பிளக்இன் அதைப் பார்த்துக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டருக்கு அந்த வாய் கிடையாது. நான் செய்து கொடுப்பது இதுதான்: ஒரு பழைய ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாமல் நேராக ஈபி லைனில் மாட்டிவிடுவேன். அதன் நெட்வொர்க் கேபிள் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு வரும். நாஸ் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். தொடர்ந்து ஒரு மணி நேரம் பதில் இல்லை என்றால் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளும். பயாஸில் கரண்ட் வந்தால் தானாக எழு என்று போட்டு வைத்தாலும், இன்வெர்ட்டரில் மின்சாரம் போகாமலே இருந்தால் தானாக எழாது. யாராவது பட்டனைத் தட்ட வேண்டும்.

மண்டபம்_ஒளி

பெட்டி ஓடுகிறது. ஓப்பன்மீடியாவால்ட் 7, 4 டிபி ஒன்று உள்ளே, ஒன்று தங்கைக்கு. ஆல்பம் ரூமுக்கும் எடிட்டிங் ரூமுக்கும் நடுவில் இருக்கும் சந்தில், இரண்டு கடலுக்கும் முதுகைக் காட்டி வைத்திருக்கிறேன். மூன்று தொல்லைகள்.

ஒன்று, ஒரு கம்ப்யூட்டரில் 110 எம்பி வேகத்தில் காப்பி ஆகிறது, இன்னொன்றில் 11-ஐத் தாண்ட மறுக்கிறது. இரண்டு, புது லேப்டாப் விண்டோஸ் 11, கடவுச்சொல் இல்லாத ஷேரைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவதுதான் விநோதம்: பழைய மேக் டிஸ்க்கிலிருந்து காப்பி செய்தபின் "தொண்டி" என்று இரண்டு ஃபோல்டர் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். வேறு சில நீளமான ஃபோல்டர்கள் காப்பியே ஆகவில்லை, பெயர் நீளம் என்கிறது. விண்டோஸில் ஒழுங்காகத்தான் இருந்தன.

வடகடல்

11 எம்பி என்றால் அந்த லைன் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். ஒரு பின்னில் களிம்பு பிடித்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும், நெட் ஓடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். சுவர் சாக்கெட் இருந்தால் அதையும் பாருங்கள்.

டெபியன்தாசன்

விண்டோஸ் 11 விஷயம் பழுது இல்லை. 24எச்2 பதிப்பிலிருந்து பாதுகாப்பை இறுக்கிவிட்டார்கள். ஓப்பன்மீடியாவால்டில் ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு, ஷேரில் விருந்தாளி அனுமதியை எடுத்துவிடுங்கள். பழைய கல்யாணங்கள் இருக்கும் ஷேருக்கு எடிட்டர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

தொண்டி விவகாரம் யூனிகோடு. "தொ" என்பதில் உள்ள கொம்பு-கால் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். விண்டோஸில் தட்டினால் பொதுவாக ஒன்றாக வரும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்து வைக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை வரும் எல்லா ஊருக்கும் இதே கதி: கோட்டைப்பட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் தப்பிக்கும். கான்வ்மூவ் என்று ஒரு சின்ன கருவி பிரிந்ததைச் சேர்த்துப் பெயர் மாற்றிக் கொடுக்கும். முதலில் வெறுமே காட்டு என்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தொண்டியிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் கையால்தான் பிரிக்க வேண்டும்.

நீளத்துக்கும் காரணம் தமிழ்தான். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 85 குறியீடு. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறியீடு என்பதால் எழுத்துக் கணக்கில் ஐம்பது சொச்சம்தான் தேறும். மணமகன் பெயர், மணமகள் பெயர், இரு வீட்டு ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டர் பெயரில் ஏற்றியிருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதம், அதற்குள் பெயர் என்று பிரியுங்கள்.

கீழைவாசி

தம்பி, தங்கச்சிமடத்தைத் தொண்டியோடு சேர்த்து எழுதிவிட்டுத் தப்பிக்கும் என்கிறீர்கள், படிப்பவர் குழம்புவார். மற்றபடி சரி. அல்லாஹ் காப்பாற்றட்டும், அடுத்த வருடம் மிரருக்கு டிஸ்க் வாங்கும்போது என்னைக் கூப்பிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸிலேயே இரண்டாவது டிஸ்க்கைச் சேர்த்து மிரராக மாற்றலாம், அழித்து எழுத வேண்டியதில்லை.

தொண்டிக்காரன்

என் ஊர்ப் பெயரை வைத்தே இவ்வளவு நேரம் பேசிவிட்டீர்கள். ஒரு கேள்வி: எங்கள் ஐஸ் பிளான்டில் நான்கு கேமரா இருக்கிறது. இதே மாதிரி ஒரு பெட்டி போட்டுக் கணக்குக் கோப்புகளையும் கேமராப் பதிவையும் அதிலேயே வைக்கலாமா?

வடகடல்

ஒரே டிஸ்க்கில் வேண்டாம். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நாளைக்கு 43 ஜிபி, நான்குக்கு 170-க்கு மேல். 4 டிபி டிஸ்க் மூன்று வாரத்தில் நிரம்பி, பழையதை அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருக்கும். அந்த உழைப்பில் கணக்குக் கோப்பையும் சேர்த்துக் கட்டாதீர்கள். கேமராவுக்குத் தனி டிஸ்க், அது செத்தால் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு வேறு டிஸ்க்கில், அதற்கு மட்டும் வெளியூர்ப் பிரதி.

இன்னொன்று, ஐஸ் பிளான்ட் என்றால் அமோனியா. செம்புக்கு உப்பை விட அதுதான் எமன். பெட்டியையும் ஸ்விட்சையும் கம்ப்ரசர் ரூம் பக்கமே கொண்டுபோகாமல் ஆபீஸ் ரூமில் வையுங்கள். இப்போது டிவிஆர் எங்கே இருக்கிறது?

தொண்டிக்காரன்

கம்ப்ரசர் ரூம் சுவரில்தான்.

வடகடல்

நாளைக்கே இறக்குங்கள். கேபிள் நீளம் 90 மீட்டருக்குள் வந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.